கட்டுச்சோறு கட்டிக்கிட்டு முக்கொம்புக்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னாடி பேசினவங்க கறவை மாட்டுக் கடனைப் பத்தியும், வங்கி இணைப்பைப் பத்தியும் நல்லாப் பேசினாங்க. என்கிட்ட "உங்க குழு சுற்றுலா போனதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க"ன்னு சொன்னாங்க. சுற்றுலான்னதும் ஊட்டி, கொடைக்கானல்னு நினைச்சுக்காதீங்க. நாங்க போனது முக்கொம்பு. எங்க ஊர்லருந்து ஆறு கிலோமீட்டர்கூட இருக்காது. இதைப் போய் மேடையில பேசணுமான்னு நானும் கேட்டேன். பேசணும்னுதான் சொன்னாங்க. பேசுறேன்.

எங்க ஊர் அந்தநல்லூர் ஒன்றியத்துல காவிரிக்கரை ஊர். வாழை ஊர். எங்க குழுவுல பதினாலு பேர். பாதிப்பேர் இலை அறுக்கிறது, கட்டுக் கட்டுறது. மீதிப்பேர் களையெடுப்பு, நூறு நாள் வேலை, ஒருத்தர் தையல், ஒருத்தர் இட்லிக்கடை. வியாழக்கிழமை ராத்திரி ஏழு மணிக்குக் கூட்டம். எங்களைப் போலத்தான் உங்க குழுவும் இருக்கும்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு வியாழக்கிழமை. சேமிப்பு வசூல் முடிஞ்சுது, உள்கடன் தவணையும் எழுதியாச்சு. தையல்கார தங்கச்சி மகளை அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல முக்கொம்புக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தாங்க. அந்தப் பிள்ளை வந்து பார்க்கு, ஊஞ்சல், தண்ணி கொட்டுறதுன்னு கதை சொல்லுது. எங்க குழுவுலயே மூத்தவங்க ஒரு அப்பாயி. அறுபத்தஞ்சு வயசு இருக்கும். அவங்க கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "நானும் முக்கொம்புக்குப் போயிருக்கேன். மண்ணு சுமந்தேன், கல்லு சுமந்தேன். உக்காந்ததில்ல"ன்னாங்க.

சிரிச்சோம். அப்புறம் ஒவ்வொருத்தரா எண்ணிப் பார்த்தோம். பதினாலு பேர்ல சும்மா பார்க்கிறதுக்குன்னு முக்கொம்புக்குப் போனவங்க மூணே பேர். அந்த மூணு பேரும் கல்யாணம் ஆன புதுசுல போனது. எங்கிருந்தெல்லாமோ கார்ல, வேன்ல ஜனங்க வந்துட்டுப் போறாங்க. ஆறு கிலோமீட்டர்ல இருக்கிற நாங்க போகல.

அன்னிக்கே போகலாம்னு முடிவு பண்ணிட்டோம். ஆனா பணம்? ஊக்குநர் அக்கா கண்டிப்பா சொல்லிட்டாங்க: குழுப் பணத்துல ஒரு ரூபா தொடக்கூடாது, வட்டிப் பணம்தானேன்னும் கேட்கக்கூடாது, தணிக்கைக்கு வர்றவங்க முன்னாடி நான்தான் நிக்கணும்னு. அவங்க சொன்னது சரி. அதனால சேமிப்புக்கு மேல வாரம் பத்து ரூபா தனி டப்பாவுல போட்டோம். இருபது வாரம். ஆளுக்கு இருநூறு, மொத்தம் 2800 ரூபா. பஸ்ஸுக்குச் செலவில்ல. 2021 மே மாசத்துலருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுல நமக்கு டிக்கெட் இலவசம்தானே. அந்தப் பஸ்ஸுல வேலைக்குப் போறோம், ஆஸ்பத்திரிக்குப் போறோம், ரேஷன் கார்டு வேலைக்குத் தாலுக்கா ஆபீஸ் போறோம். ஊர் பார்க்கப் போனது அன்னிக்குத்தான் முதல் தடவை.

வீட்டுல என்ன சொன்னாங்கன்னு கேட்பீங்க. நாங்க உண்மையைச் சொல்லல. "ஒன்றியத்துல பயிற்சி, சாயங்காலம் வந்துடுவோம்"னு சொல்லிட்டுக் கிளம்பினோம். பயிற்சின்னா விடுவாங்க, கடன் கிடைக்கும்ல. சுத்திப் பார்க்கப் போறோம்னா, "பொம்பளைங்களுக்கு அங்க என்ன வேலை"ன்னு வரும். அந்தப் பொய் எனக்கு இன்னிக்கும் உறுத்துது. மாமியார்கிட்ட மாட்டிக்கிட்டதும் நான்தான். முக்கொம்பு மீன் வறுவல் பொட்டலத்தைப் பேரனுக்கு வாங்கிட்டு வந்துட்டேன். "ஒன்றிய ஆபீஸ்ல மீனு வறுத்துக் கொடுத்தாங்களா?"ன்னு கேட்டாங்க. ரெண்டாவது தடவை போனப்ப உள்ளதைச் சொல்லிட்டுத்தான் போனோம். மூணாவது தடவை அந்த மாமியாரே எங்களோட வேன்ல வந்தாங்க.

இப்ப என் விஷயத்தைச் சொல்லணும். எல்லாரும் சந்தோஷமாக் கிளம்புறப்ப நான் மட்டும் வரலைன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். நான் பிறந்தது உத்தமர்கோயில் பக்கம், கொள்ளிடத்துக்கு வடகரை. எனக்கு ஒரு தம்பி இருந்தான். பதினேழு வயசுல கொள்ளிடத்துல குளிக்கப் போனவன் திரும்பல. அவன் நீச்சல் தெரிஞ்ச பையன். முட்டளவு தண்ணியில நடந்துக்கிட்டே இருந்திருக்கான், மணல் அள்ளின பள்ளம் இருந்திருக்கு. மேல இருந்து பார்த்தா ஆறு ஒரே மட்டமாத்தான் தெரியும். அதுக்கப்புறம் எங்கம்மா ஆத்துப் பக்கம் திரும்பவே இல்ல. ஆடிப்பதினெட்டுக்குக்கூட வாசல் குழாய்த் தண்ணியைக் குடத்துல வச்சுத்தான் கும்பிடுவாங்க. நானும் அப்படித்தான். காவிரிக்கரையில வாக்கப்பட்டு வந்து, இருபது வருஷமா தண்ணியில கால் வைக்கல.

அப்பாயிதான் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க. "நீ தண்ணிகிட்ட வரவேணாம். சோத்து மூட்டைக்குக் காவல் இரு"ன்னாங்க. அந்த வேலையை ஒத்துக்கிட்டுப் போனேன்.

2022 புரட்டாசி. வெள்ளம் வடிஞ்சு, பார்வையாளர்களை மறுபடி விட ஆரம்பிச்ச சமயம். மெயின் ரோட்டுல இறங்கி, சோத்துத் தூக்கை மாத்தி மாத்தித் தூக்கிக்கிட்டு நடந்தோம். புளிசோறு, தயிர்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், மோர்மிளகாய். இலைக்கு எங்க ஊர்ல பஞ்சமா? ஒரு கட்டு இலையே கொண்டு போனோம். மரத்தடியில பழைய சேலையை விரிச்சு உட்கார்ந்தோம். முதல் அரைமணி நேரம் யாருக்கும் என்ன செய்யிறதுன்னு தெரியல. சும்மா உட்கார்ந்து பழக்கமே இல்லையே. ஒருத்தர் கீரை ஆய ஆரம்பிச்சுட்டாங்க, வீட்டுலருந்து கொண்டு வந்திருக்காங்க!

அங்கே மதகு பார்த்துக்கிற லஸ்கர் ஒருத்தர், வயசானவர், எங்க கூட்டத்தைப் பார்த்துட்டு வந்து பேசினார். அவர் சொன்னதையும் அதுக்கப்புறம் நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்துச் சொல்றேன். தினம் இந்தத் தண்ணியில பாத்திரம் கழுவுறோம், இது எங்கிருந்து எப்படி வருதுன்னு நமக்குத் தெரியணும்ல.

மேட்டூர் அணை 1934-லருந்து இருக்கு. நிறைஞ்சா 120 அடி. வழக்கமா ஜூன் 12-ஆம் தேதி பாசனத்துக்குத் திறப்பாங்க. அங்க திறந்த தண்ணி மாயனூர் தாண்டி இங்க வந்து சேர மூணு நாள் போல ஆகும். முக்கொம்புல ஆறு ரெண்டாப் பிரியுது: தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். நடுவுல தீவா நிக்கிறது திருவரங்கம். காவிரியை விடக் கொள்ளிடம் பள்ளம். அதனால ஒரு காலத்துல தண்ணி பூராவும் கொள்ளிடத்துப் பக்கமே ஓடி, தஞ்சாவூர் வயலுக்குப் போகாம வீணாகிக்கிட்டிருந்துது. அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன்னு ஒரு வெள்ளைக்கார பொறியாளர் 1836-லருந்து கொள்ளிடத் தலைப்புல மேலணையைக் கட்டினார். அவருக்கு வழிகாட்டினது யார் தெரியுமா? கல்லணை. ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கரிகாலன் கட்டினது. ஓடுற ஆத்து மணல்ல கல்லைப் போட்டுப் போட்டு, அது அமுங்கி அமுங்கி நிலைக்கிற வரைக்கும் அடுக்கின வேலை. அதைப் பார்த்துத்தான் மணல்மேலயும் அஸ்திவாரம் போடலாம்னு அவர் கத்துக்கிட்டார்.

அப்படி நூத்தி எண்பது வருஷம் நின்ன மேலணையில, 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி கொள்ளிடப் பக்கத்து மதகுகள்ல 9 உடைஞ்சு போச்சு. அது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். ராத்திரி பூரா ஊரே தூங்கல. இப்ப அங்க புதுக் கதவணை நிக்குது. அப்பாயி அந்தக் கதவணையையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தாங்க. "நான் சுமந்த கல்லு எங்கடா போச்சு?"ன்னு லஸ்கர்கிட்ட கேட்டாங்க. அவர் சிரிக்கல. "கீழதான் அம்மா கிடக்கும்"னார்.

சாப்பாடு முடிஞ்ச பிறகுதான் அது நடந்துச்சு. பெருசா ஒண்ணும் இல்ல. தையல்கார தங்கச்சி மகளும் இன்னொரு பிள்ளையும் கால் நனைக்கிறேன்னு படியில இறங்கிட்டாங்க. நான் சோத்து மூட்டைக்குக் காவல் இருக்கேன், திரும்பிப் பார்த்தா ரெண்டு பாவாடையும் தண்ணியில மிதக்குது. எப்படி ஓடினேன்னு தெரியல. ரெண்டு பிள்ளைங்க கையையும் பிடிச்சு இழுத்துக்கிட்டு மேல வந்த பிறகுதான் பார்க்கிறேன், என் சேலை முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கு. இருபது வருஷத்துல முதல் தடவை. பிள்ளைங்க என்னைப் பார்த்து, "ரெண்டு படிதானே அத்தை இறங்கினோம்"னு அழுவுதுங்க. உண்மை, ரெண்டு படிதான். நானும் உட்கார்ந்து அழுதேன். அன்னிக்குத்தான் குழுவுல எல்லாருக்கும் என் தம்பி விஷயம் தெரிஞ்சுது. ஒன்பது வருஷமா வாராவாரம் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து பணம் எண்ணியிருக்கோம். அதுவரைக்கும் சொன்னதில்ல.

அதுக்கு அடுத்த வியாழக்கிழமை, தீர்மான நோட்டுல எழுதாம வாயால ஒரு தீர்மானம் போட்டோம். தண்ணி உள்ள இடத்துக்குப் போறதை நிறுத்தக்கூடாது. ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்.

இதுல ஒரு சம்பவத்தை நான் எங்க போனாலும் சொல்றது வழக்கம். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்துல, மருதையாத்துல கொட்டரை நீர்த்தேக்கம் இருக்கு. 2020 ஆகஸ்ட் மாசம், கிரிக்கெட் விளையாட வந்த பையன்கள் அங்க குளிக்கப் போயிருக்காங்க. மழை பெய்ஞ்சு தண்ணி நிறைய நின்ன சமயம். துணி துவைச்சுட்டுக் கிளம்பிக்கிட்டிருந்த மூணு பெண்கள், நம்மளைப் போல கிராமத்துப் பெண்கள், ஆழம் இருக்கு இறங்காதீங்கன்னு எச்சரிச்சிருக்காங்க. கொஞ்ச நேரத்துல நாலு பையன்கள் மூழ்கிட்டாங்க. அந்த மூணு பேரும் யோசிக்கல. கட்டியிருந்த சேலையை அவிழ்த்துத் தண்ணியில வீசினாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேர் கரையேறினாங்க. இன்னும் ரெண்டு பேரைக் காப்பாத்த முடியல. தமிழ்நாடு அரசு அந்த மூணு பேருக்கும் கல்பனா சாவ்லா விருது கொடுத்துது.

மானம் போயிடும்னு அந்த நிமிஷம் நினைக்காத அந்தப் பெண்களை நான் கும்பிடுறேன். அவங்க செஞ்சதுல நாம கத்துக்க வேண்டிய விஷயமும் இருக்கு. தண்ணியில தத்தளிக்கிறவங்களைக் காப்பாத்த நீச்சல் தெரியாதவங்க குதிக்கவே கூடாது. அவங்க நம்மளையும் கட்டிப் பிடிச்சு அமுக்கிடுவாங்க. கரையில படுத்துக்கிட்டு அல்லது உட்கார்ந்துக்கிட்டு எதையாவது வீசணும்: சேலை, கயிறு, நீளக் கம்பு. மூடி போட்ட காலி தண்ணி கேன் இருந்தாகூடப் போதும், அது மிதக்கும். நாங்க இப்ப எங்க போனாலும் இருபது லிட்டர் கேன் ரெண்டும், கொடிக்கயிறு ஒண்ணும் எடுத்துக்கிட்டுத்தான் போறோம். கேன்ல குடிதண்ணி கொண்டு போறோம், வரும்போது காலி கேனாகும்போது அது வேற வேலைக்கு. அப்புறம், மேட்டூர்ல கூடுதலா தண்ணி திறந்திருக்காங்கன்னு செய்தியில கேட்டா அந்த வாரம் ஆத்துப் பக்கம் போறதில்ல. கொள்ளிடத்துல மணல் தெரிஞ்சாலும் நடுவுல நடக்க விடுறதில்ல. எவ்வளவு நல்லா நீச்சல் தெரிஞ்ச பிள்ளையா இருந்தாலும் சரி. இதுல நான் கொஞ்சம் கறார்தான், குழுவுல என்னைப் "போலீஸ்"னுதான் கூப்பிடுறாங்க.

ரெண்டாவது தடவை கல்லணை. அங்கயும் சத்திரத்துலருந்து டவுன் பஸ் இருக்கு. யானைமேல உட்கார்ந்திருக்கிற கரிகாலன் சிலையைப் பார்த்துட்டு, அணை மேலயே நடந்தோம். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்ன்னு தண்ணி பிரிஞ்சு போறதை ஒரே இடத்துல நின்னு பார்க்கலாம். தஞ்சாவூர் பக்கம் வாக்கப்பட்டுப் போன என் நாத்தனார் வயலுக்குப் போற தண்ணி இதுதானான்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

ஆனா அங்க எங்களுக்கு ஒரு கஷ்டம் இருந்துச்சு, அதை மேடையில சொல்லத்தான் வேணும். பொம்பளைங்க நாள் முழுக்க இந்த மாதிரி இடத்துக்குப் போகாததுக்குக் காசு மட்டும் காரணம் இல்ல. கழிப்பறை. இருந்தாலும் தண்ணி இருக்காது, தாழ்ப்பாள் இருக்காது. காலையிலருந்து தண்ணியே குடிக்காமப் போயிட்டு வந்த தங்கச்சிங்க எங்க குழுவுலயே உண்டு. அப்புறம் மரத்தடியில பாட்டிலோட உட்கார்ந்திருக்கிற கூட்டம். நாங்க பதினாலு பேரா போனதால தைரியமா வேற மரத்தடிக்கு நடந்தோம். ரெண்டு பேரா போயிருந்தா வீட்டுக்கே திரும்பியிருப்போம். இதையெல்லாம் எழுதி மனுவாக் கொடுக்கலாம்னு நம்ம கூட்டமைப்புல பேசியிருக்கோம். பராமரிப்பு வேலையையும் திண்பண்டக் கடையையும் மகளிர் குழுக்களுக்கே கொடுத்தா, நாமளே சுத்தமா வச்சுக்க மாட்டோமா?

மூணாவது, போன தை மாசம், கரைவெட்டி. இது அரியலூர் மாவட்டம், நமக்கு டவுன் பஸ் கிடையாது. வேன் பிடிச்சோம். டப்பாவுல வாரம் பத்து ரூபா இருபது ரூபாயாச்சு. நானூறு ஹெக்டேருக்கு மேல விரிஞ்ச ஏரி. 1999-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. 2024 ஜனவரியில ராம்சார் பட்டியல்லயும் சேர்த்துட்டாங்க, அதாவது உலக அளவுல முக்கியமான நீர்நிலைன்னு கணக்கு. நம்ம முக்கொம்புக்கு எதிர்க்கரை வாத்தலையில பிரியுற புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணிதான் அந்த ஏரிக்கும் போகுது. இமயமலைக்கு அந்தப் பக்கத்துலருந்து வரித்தலை வாத்துகள் பனிக்காலத்துக்கு இங்க வருது. அவ்வளவு தூரத்துலருந்து பறந்து வந்து நம்ம காவிரித் தண்ணியைக் குடிக்குது!

அங்க ஒரு வேடிக்கை. படிச்ச பிள்ளைங்க போனுல படம் பார்த்துப் பார்த்துப் பேர் தேடுறாங்க. நாத்து நட்டே வயசான எங்க அப்பாயி கண்ணை இடுக்கிக்கிட்டு, அது நத்தைகுத்தி, அது அரிவாள்மூக்கன், அந்தா தூரத்துல கூழைக்கடா, இந்தப் புல்லுக்குள்ள தாழைக்கோழின்னு வரிசையாச் சொல்றாங்க. வயல்ல நிக்கிறப்ப எல்லாம் பார்த்ததுதானாம். வனத்துறைக் காவலர் தன் தொலைநோக்கியை அவங்க கையில கொடுத்துட்டார். அதுல முதல் தடவை பார்த்தவங்க, "அடியே, அது கண்ணு சிவப்பா இருக்குடி! இத்தனை வருஷம் தெரியல"ன்னாங்க. திரும்பி வரும்போது வேன்ல பாட்டு. மாமியார் பாடினாங்க. அவங்க பாடுவாங்கன்னு பதினெட்டு வருஷமா எனக்குத் தெரியாது.

சில பேர் கேட்டாங்க, இதனால குழுவுக்கு என்ன லாபம்னு. கணக்கு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. முன்னெல்லாம் கூட்டத்துக்கு வராம பணத்தை மட்டும் பிள்ளைகிட்ட கொடுத்தனுப்பின ரெண்டு பேர் இப்ப தவறாம வர்றாங்க, அது ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியுது. இது புதுசும் இல்ல. நம்ம பாட்டிமார் ஆடிப்பெருக்குக்குக் காப்பரிசியும் சித்திரான்னமும் கட்டிக்கிட்டு அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போய், பூஜையை முடிச்சுட்டுச் சாயங்காலம் வரைக்கும் கரையில உட்கார்ந்து பேசிட்டு வந்தாங்க. சாமி பேரைச் சொன்னா யாரும் தடுக்கல. இப்ப நாம நம்ம பேரைச் சொல்லிப் போறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பத்து நிமிஷம் முடிஞ்சிருக்கும். ஒரு அறிவிப்பு மட்டும். அடுத்து புளியஞ்சோலை. துறையூருக்கு மேல, கொல்லிமலை அடிவாரம், பாறையில ஓடி வர்ற ஓடை. ஒரு வேன்ல இருபது பேர்தான், எங்க குழுவுல பதினாலு போக ஆறு இடம் இருக்கு. மத்த குழுக்காரங்க வர்றதா இருந்தா வியாழக்கிழமைக்குள்ள என்கிட்ட பேர் கொடுங்க. சோறு ஆளுக்கொரு வகை, சொல்லி வச்சுச் செய்வோம், இல்லாட்டி இருபது பேரும் புளிசோறே கொண்டு வந்துடுவோம். கயிறும் கேனும் நான் கொண்டு வர்றேன்.

அந்த ஆறு இடத்துல ஒண்ணை எங்கம்மாவுக்குப் பிடிச்சு வச்சிருக்கேன். ஓடையில தண்ணி கணுக்கால் அளவுதான் இருக்கிற இடமும் உண்டும்மா, கூழாங்கல் தெரியும்னு சொல்லியிருக்கேன். வர்றேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. "என்னைக்குக் கிளம்புறீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க.